இரண்டு பேரிடம் வழி கேட்கிறவர்

இருபத்திரண்டு வருஷமாகச் சங்கரன்கோவிலில் வண்டி ஓட்டுகிறவனுக்கு வாசுதேவநல்லூர் போக வழி தெரியாமல் இருக்குமா? கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று நான் போகாத ரோடு இந்தப் பக்கத்தில் கிடையாது. அந்த அம்மா என் பக்கத்து சீட்டில் ஏறிய முதல் நாளே ஒரு முக்கில் கண்ணாடியை இறக்கி, சைக்கிளில் வந்த ஒருவரை நிறுத்தி, வாசுதேவநல்லூருக்கு எப்படிப் போகணும் என்று கேட்டார். அவர் கையைக் காட்டினார். வண்டி நூறடி போனதும் மறுபடி நிறுத்தச் சொல்லி, கரும்புச்சாறு பிழிந்துகொண்டிருந்தவரிடம் அதே கேள்வியைக் கேட்டார். இவரும் அதே பக்கம் கையைக் காட்டினார். அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. "ஏன் மேடம், இங்கன ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு நான் ஒருத்தன் பொம்ம மாதிரியா இருக்கேன்?" என்று கேட்டேன்.

"உங்கள நம்பலன்னு இல்ல அண்ணாச்சி. நான் எதையும் ரெண்டு பேர்ட்ட கேப்பேன். முதல் ஆளு சொன்னது ரெண்டாவது ஆளு காதுல விழக்கூடாது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றால் நிஜமாகவே அவ்வளவுதான். அந்த மனுஷியை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். பிரியாணிக் கடையில் காரம் எப்படி என்று பரிமாறுகிறவரிடம் கேட்பார். அவர் அந்தப் பக்கம் போனதும் பக்கத்து மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம் ரகசியமாகக் கேட்பார். தங்கியிருந்த மாடி ரூமைப் பூட்டுவார், இறங்கி வருவார், என்னை மேலே அனுப்பிப் பூட்டை இழுத்துப் பார்க்கச் சொல்வார். தான் பூட்டியதாக மட்டும் சொல்லவே மாட்டார். "ரூம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாங்க" என்பார். நான் இதையெல்லாம் கார் ஸ்டாண்டில் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பெயரை எழுதப்போவதில்லை. தன் பெயர் எங்கே வரவேண்டும், எங்கே வரக்கூடாது என்பதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர். அப்பாவும் அம்மாவும் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள். நாற்பது வயது இருக்கும். பெங்களூரில் சிப் செய்கிற கம்பெனி ஒன்றில் பெரிய எஞ்சினியர். தானே ஓடுகிற கார் வரப்போகிறது என்று சொல்கிறார்களே, அந்தக் காரைச் செய்வது வேறு கம்பெனிகள். காருக்குள் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்து முடிவு எடுக்கிற சிப்பைச் செய்வது இவர்கள். அதன் சாம்பிளை ஒரு பெட்டியில் பொருத்தி, பெட்டியை ஒரு காரின் டிக்கியில் ஏற்றி, மார்கழி மாதம் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பெங்களூரில் வெயில் பத்தாதாம், ரோடும் ரொம்ப ஒழுங்காக இருக்கிறதாம். வெயிலுக்கும் ஒழுங்கில்லாத ரோட்டுக்கும் சங்கரன்கோவில்தான் என்று சிபாரிசு செய்தது இவரேதான்.

என்னை டிரைவராக வைத்துக்கொண்டார்கள். பெட்டி ஸ்டியரிங்கைத் தொடாது. நான் ஓட்டுவேன், அது மனசுக்குள் ஓட்டும். முன்னால் இருக்கிற கேமரா படம் எடுத்துக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து, நானாக இருந்தால் இங்கே பிரேக் போட்டிருப்பேன், இங்கே ஒதுங்கியிருப்பேன் என்று பெட்டி எழுதிக்கொண்டே வரும். அவர் மடியில் இருக்கிற கம்ப்யூட்டரில் என் கால் செய்வது பச்சைக் கோடாகவும் பெட்டி நினைப்பது மஞ்சள் கோடாகவும் ஓடும். இரண்டும் விலகினால் அவர் துள்ளி எழுவார்.

பெரிதாக விலகிய முதல் இடம் உளுந்து. எங்கள் பக்கம் உளுந்தஞ்செடியைப் பிடுங்கிக் காயவைத்து ரோட்டில் பரப்பிவிடுவார்கள். வருகிற போகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்தால் காய் வெடித்து மணி உதிரும். களத்துக்குக் கொண்டுபோய் அடிக்கிற பாடு மிச்சம். நான் பாட்டுக்கு ஏற்றிவிட்டுப் போனேன். பெட்டி மனசுக்குள் சடன் பிரேக் அடித்துச் செடிக்கு முன்னால் நின்றுவிட்டது. மலை என்று நினைத்துக்கொண்டதாம். அவர் இறங்கிப்போய்ச் செடியைக் கையில் எடுத்துப் பார்த்தார். உளுந்துக்காரர் ஓடிவந்தார்.

"நல்லா ஏத்திட்டுப் போங்கம்மா. திரும்பி வரும்போதும் இதே மாதிரி வாங்க" என்றார்.

"திட்ட மாட்டீங்களா?"

"ஏத்தாமப் போனாத்தான் திட்டுவேன்."

இவர் விடவில்லை. அடுத்த உளுந்துப் பரப்பில் ஒரு பெண்ணிடமும் அதையே கேட்டார். அந்தப் பெண் இவரைக் கொஞ்சம் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ஆமா என்றார். அன்று சாயங்காலம் வரை உளுந்து மேலேயே ஓட்டினோம். பெங்களூரில் பெட்டிக்குப் பாடம் சொல்லித்தருகிற ஆட்களுக்குப் படங்களை அனுப்பினார். பத்துப் பதினைந்து நாளில் பெட்டியும் எங்கள் ஊர்க்காரனாகிவிட்டது. உளுந்தைப் பார்த்தால் ஏற்று என்று எழுதியது.

அவருடைய சொந்த வேலை பாடம் சொல்லிக்கொடுப்பது அல்ல. அதை ஒருநாள் சிவகிரி போகிற வழியில் டீ குடிக்கும்போது எனக்குப் புரிகிறமாதிரி சொன்னார். "இந்தச் சிப்புக்குள்ள ரெண்டு மூளை இருக்கு அண்ணாச்சி. ஒரே கணக்க ரெண்டும் தனித்தனியா போடும். விடை ஒண்ணா இருந்தா காரு நம்பும். வேற வேறயா இருந்தா, எனக்குத் தெரியலைன்னு சொல்லி ஓரமா நின்னுரும். அந்த ரெண்டு விடையையும் ஒத்துப் பாக்குற இடம் இருக்குல்லா, அது என்னோடது. நான் வரஞ்சது."

"அப்ப சிப்பும் ரெண்டு பேர்ட்ட வழி கேக்குதுன்னு சொல்லுங்க" என்றேன். அவர் டீயைச் சிந்திவிட்டுச் சிரித்தார். அதிலிருந்துதான் எங்களுக்குள் ஒரு ஒட்டுதல் வந்தது.

தான் செய்ததையே போட்டு அவர் படுத்துகிற பாடு இருக்கிறதே, அதைப் பார்க்கவேண்டும். வண்டியை ஓரங்கட்டி, டிக்கியைத் திறந்துவைத்து, தலைமுடி காயவைக்கிற மெஷினால் பெட்டிக்கு அனல் காட்டுவார். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிவிட்டு, "இப்ப ஒரு மூளைக்கு மட்டும் ஒரு பொய் சொல்லியிருக்கேன். கண்டுபிடிக்குதான்னு பாப்போம்" என்பார். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால், பிள்ளை முதல் மார்க் வாங்கினதுபோல என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். ஆயிரம் பொய் சொல்லிப் பார்த்திருப்பார். ஆயிரத்தையும் அது கண்டுபிடித்தது.

சித்திரை மாதம் பெங்களூருக்கு ஒரு வாரம் போனார். சிப்பின் வரைபடம் சரி என்று ஒவ்வொரு பகுதிக்காரரும் கையெழுத்துப் போடுகிற வாரம் அது. போட்டுவிட்டால் ஆடியில் வரைபடம் ஃபேக்டரிக்குப் போய்விடும். அப்புறம் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. நான் தனியாக வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். வெயில் பொறுக்காமல் அந்த வாரம் ஏசியும் படுத்துவிட்டது.

பனவடலிசத்திரம் ரோடு. மத்தியானம். கோடை உளுந்து பரப்பியிருந்தார்கள். நடுவில் கொஞ்சம் குவியலாகக் கிடந்தது. பழக்கதோஷத்தில் ஏற்றப்போனேன். குவியலில் ஒரு துண்டு அசைந்தது. பார்த்தால் ஒரு பெண், காய்ந்த செடி நிறத்தில் பழஞ்சேலை, தலையில் அதே நிறத்தில் துண்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து செடியைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். அடித்தேன் பிரேக்கை. வண்டி அவருக்கு இரண்டு முழம் தள்ளி நின்றது. பின்னால் டமார் என்று சத்தம். பூச்சந்தைக்கு மல்லிகைப்பூ கொண்டுபோய்க்கொண்டிருந்த ஒருவர் பைக்கோடு என் வண்டியில் மோதி விழுந்து கிடந்தார். ரோடெல்லாம் பூ. நான் அவரைத் தூக்க ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது குவியலில் யாரும் இல்லை.

பூக்காரருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. மல்லிகை கொட்டோ கொட்டென்று கொட்டுகிற மாதத்தில் ஒரு கையைக் கழுத்தோடு தொட்டில் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன்.

"ஏன் வே, ரோட்டுல ஒண்ணுமே இல்லாம எதுக்கு வே பிரேக் அடிச்சீரு?" என்றார்.

"உளுந்துக்குள்ள ஒரு பொம்பள இருந்தா அண்ணாச்சி."

"நான் பாக்கலையே."

போலீஸ் கேட்டது. கம்பெனி பெட்டியின் பதிவைப் பார்த்து எழுதிக்கொடுத்துவிட்டது: வண்டிக்கு முன்னால் ஆள் யாரும் இல்லை, டிரைவர் காரணமில்லாமல் பிரேக் போட்டிருக்கிறார். என்னை வேலையை விட்டு நிற்கச் சொன்னார்கள். ஸ்டாண்டுக்கு வந்தால் அங்கேயும் ஒரு மாதிரிப் பேச்சு. பகலிலேயே தண்ணி போட்டிருந்தான் என்று ஒருவன், தூங்கிவிட்டான் என்று ஒருவன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வேலை ஒன்று வருவதாக இருந்தது, அதுவும் நின்றுபோனது. எனக்கு நிலபுலன் கிடையாது. நம்பி வண்டியில் ஏறலாம் என்ற பெயர் ஒன்றுதான் இருந்தது. அதுவும் போய்விட்டது என்று என் வீட்டுக்காரியிடம் சொல்லி அழுதேன்.

அவர் பெங்களூரிலிருந்து வந்து என்னைக் கூப்பிட்டார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று போனேன். அந்த இடத்துக்குப் போவோம் என்றார். பஸ்ஸில் போனோம். ரோட்டோரத்து வீடுகளில் விசாரித்தார். உளுந்துக்குச் சொந்தக்காரப் பெண் வாசலில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரேதான், அதே சேலை, எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"அன்னைக்கு மத்தியானம் ரோட்டுல இருந்தீங்களாம்மா?" என்று இவர் கேட்டார்.

"நான் அங்கன இல்லவே இல்ல. உளுந்து யாருதுன்னும் தெரியாது" என்று அந்தப் பெண் சுளகைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார். "எனக்கு ரெண்டு சாட்சி இருக்கு அண்ணாச்சி. பெட்டி ஒண்ணு, அந்தம்மா ஒண்ணு. ரெண்டும் தனித்தனி. ரெண்டும் ஆள் இல்லைன்னு சொல்லுது."

"அப்ப நான் பொய் சொல்லுதேன்னு எழுதிக்கோங்க."

"அப்படித்தான் எழுதணும். ஆனா மூணாவது ஒரு சாட்சி இருக்கு. நாலு மாசமா உங்க கால் என்ன செஞ்சுதுன்னு என்ட்ட பச்சைக் கோடா இருக்கு. ராத்திரி பூரா பாத்தேன். காரணம் இல்லாம ஒரு தடவகூட அது பிரேக்க மிதிச்சதில்ல."

இந்த உலகத்தில் என்னைப் பற்றி யாரும் அதைவிட நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் மாடி ரூமுக்கு வரச் சொன்னார். அந்த நேரத்தில் கேமரா எடுத்த படங்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வைத்திருந்தார். மேஜைமேல் ஒரு காகிதம் குப்புறக் கிடந்தது. "நான் ஒண்ணு பாத்தேன். அதுல எழுதி வச்சிருக்கேன். என்னன்னு சொல்ல மாட்டேன். நீங்க பாருங்க. ரோட்டோட நடுவுல பாக்காதீங்க, ஓரத்தப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். ரோடு, கருவேலம், ஒரு மைல்கல், ஒரு வெள்ளாடு. ஆடு ரோட்டைக் கடக்கலாமா என்று முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அடுத்த படம். அடுத்தது. நாலைந்து பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"இந்த ஆடு நொண்டியா மேடம்? தூக்கின கால கீழயே வைக்கலையே."

அவர் காகிதத்தைத் திருப்பினார். ஆட்டின் கால் என்று எழுதியிருந்தது.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, ஆடு கிட்டே வரவேண்டும், கால் இறங்கவேண்டும். இரண்டும் நடக்கவில்லை. அத்தனையும் ஒரே படம். புதுப்படம் வரவே இல்லை. பழைய படத்தையே பெட்டி திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு, முன்னால் ரோடு காலி என்று எழுதியிருக்கிறது.

அவர் கம்ப்யூட்டரை மூடி வைத்தார். பிறகு, யாரைப் பற்றியோ குறை சொல்வதுபோலச் சொன்னார்: "ரெண்டு மூளைக்கும் ஒரே படத்தக் குடுத்துட்டேன். படம் பழசுன்னா ரெண்டும் சேந்து பழசத்தான் பாக்கும். விடை ஒத்துத்தான் போகும். வழி கேக்க ரெண்டாவது ஆளத் தேடிப் போறவ நான். போன வாரம் இதுக்குத்தான் கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன்."

அதோடு விட்டாரா? விடமாட்டார். கம்பெனியில் சொல்லி என்னையும் காரையும் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கினார். உச்சி வெயிலில் அதே ரோட்டில் ஒரு வேப்பமரத்துக்குத் தள்ளி, நிழல் படாமல் நிறுத்தச் சொன்னார். கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஏசி இல்லாமல் பெட்டியைச் சூடேற்றினோம். உள்ளே உட்கார்ந்திருந்த எனக்குச் சட்டை உடம்போடு ஒட்டிவிட்டது. அவர் வெளியே, கேமராவுக்கு நேராக நின்று ஒரு சிவப்புத் துண்டை ஆட்டிக்கொண்டே இருந்தார். திரையில் துண்டு ஆடியது. ஆடியது. கால்மணி நேரம் கழித்து ஒரு தடவை, வெளியே துண்டு ஆடிக்கொண்டிருக்க, திரையில் அந்தரத்தில் அப்படியே நின்றது. இரண்டு மூளைக்கும் பச்சை விளக்கு. இரண்டும் சரி, சரி என்றன. நான் கதவைத் திறந்துகொண்டு கத்தினேன். அவர் ஓடிவந்து பார்த்தார். சூடு கூடினால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேலையைக் கொஞ்சம் மெதுவாக்கிக்கொள்ளுமாம், அந்த நேரத்தில் படம் சிக்கிக்கொள்கிறது என்றார். சொல்லிவிட்டு ரோட்டோரத்தில் வெறும் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

உளுந்துக்காரப் பெண் தூரத்தில் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் உளுந்தையே யாருடையது என்று தெரியாது என்றவர் சொன்னதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார் இவர்.

அன்றே பெங்களூர் மேலாளருக்குப் போன் போட்டார். காருக்குள்ளேயே ஸ்பீக்கரில் பேசினார். அதனால் எனக்கும் கேட்டது.

"சாம்பிள் சிப்பை இப்படி வாட்டினா எதுதான் நிக்காது? உளுந்து மேல ஏத்தச் சொல்லிக்கொடுத்தது அந்த டீம்தானே, அதுல குழப்பம்னு எழுதிடலாம். டிரைவர் விஷயமும் முடிஞ்சுபோச்சு. ஆடியில ஃபேக்டரிக்குப் போயாகணும்" என்றது அந்தக் குரல்.

"டிரைவர் விஷயம்தான் சார் முடியல" என்றார் இவர். "அவங்க டீம் மேல தப்பு இல்ல. அவங்க சொல்லிக்குடுத்தத யோசிக்கவே அதுக்குப் படம் வரல. படம் புதுசா பழசான்னு பாக்க வேண்டியது என் இடம். நான் பாக்கல. கையெழுத்தத் திரும்ப எடுத்துக்குதேன்."

சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அப்படிச் சொன்னதன் விலை என்ன என்று எனக்கு அப்போது தெரியாது.

பூக்காரர் வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எனக்குப் போகவே பிடிக்கவில்லை. பூக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சுற்றி வீட்டு ஆட்கள் நின்றார்கள். இவர் உட்காரக்கூட இல்லை.

"அண்ணாச்சி, ரோட்டுல ஆள் இருந்தாங்க. இவுக பிரேக் போட்டது சரி. போடலைன்னா ஒரு உசுரு போயிருக்கும். ஆள் இல்லைன்னு சொன்னது எங்க பெட்டி. அது பாக்கல. பாக்கலைங்கதையும் சொல்லல. அதச் செஞ்சவ நான். போலீசுக்கும் மாத்தி எழுதிக் குடுத்தாச்சு. உங்கட்ட நேர்ல சொல்லணும்லா, அதான் வந்தேன்."

கம்பெனி மாற்றி எழுதிய காகிதத்தை எடுத்துத் தமிழில் வாசித்தும் காட்டினார். டிரைவர் பார்த்தது உண்மை. இந்தப் பகுதியை வரைந்தவரும் சரி என்று கையெழுத்திட்டவரும் என்று போட்டு, அவருடைய முழுப் பெயர் இருந்தது. நாலு மாதமாக அவர் எழுதிய எந்தத் தாளிலும் நான் அவர் பெயரைப் பார்த்ததில்லை. நன்றாக வந்ததற்கெல்லாம் பகுதி நம்பர் மட்டும்தான் போடுவார். தப்பு வந்தால்தான் பெயர் போடணும், அப்பத்தான் யாரைக் கேட்கிறதுன்னு தெரியும் என்பது அவர் கணக்கு.

பூக்காரர் தன் தோள்கட்டைத் தடவிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "நானும் ஒட்டித்தான் வே வந்தேன். சந்தைக்கு நேரமாயிட்டுன்னு உம்ம வண்டி வாலப் பிடிச்சுக்கிட்டே வந்தேன்." அவர் மனைவி எங்களுக்குக் காபி கொண்டுவந்தார்.

இவ்வளவு செய்தவர்மேல் எனக்கு இரண்டு நாள் கோபமும் இருந்தது. சொல்லாமல் விட்டால் அவரே ஒத்துக்கொள்ள மாட்டார். பூக்காரர் வீட்டிலிருந்து திரும்பும்போது, என்மேல் நம்பிக்கை வைத்ததற்கு ரொம்ப நன்றி மேடம் என்றேன்.

"நம்பிக்கைன்னு சொல்லாதீங்க அண்ணாச்சி" என்றார். "உங்க கால் என்னத் தேட வச்சுது. அவ்வளவுதான். அந்த ஆடு மட்டும் அங்கன இல்லைன்னா, உங்களத்தான் தப்புன்னு எழுதியிருப்பேன்."

முகத்துக்கு நேராக இப்படியா சொல்வார்கள்? ஒரு பேச்சுக்காவது வேறு மாதிரி சொல்லக்கூடாதா? இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் யோசித்துப் பார்த்தேன். பொய்யாக என்னை நல்லவன் என்று சொல்ல ஊரில் நாலு பேர் கிடைப்பார்கள். விசாரித்து, தேடி, வெயிலில் நின்று, எனக்குச் சாதகமாக வந்தது என்பதற்காக ஒரு வார்த்தைகூடக் கூட்டாமல் சொல்கிறவர் கிடைப்பாரா? அவர் சரி என்று சொன்னதற்கு மதிப்பு இருந்ததே, தப்பு என்றும் சொல்லியிருப்பார் என்பதால்தான். போன் போட்டேன். ஒன்றும் நடக்காததுபோல, நாளைக்கு வண்டி எடுக்கணும் என்றார்.

என்னைத் திரும்ப வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். சிப்பை ஆடியில் அனுப்புவது நின்றது. அவர் அந்தப் பகுதியை மறுபடி வரைந்தார். வருகிற ஒவ்வொரு படத்துக்கும் ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரி ஒரு நம்பர், நம்பர் நகரவில்லை என்றால் சிப் வாயைத் திறந்து, எனக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லியாகவேண்டும். அதுவரை அவரிடம் இருந்த டீம் தலைமைப் பொறுப்பை மட்டும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். அதை அவர் டீக்கடையில் சர்க்கரை கம்மி என்று சொல்கிற அதே குரலில்தான் என்னிடம் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

எங்கள் கோயில் திருவிழாவான ஆடித் தபசுக் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் அவரைப் பெங்களூருக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். தபசுக் கூட்டத்தைப் பெட்டிக்குக் காட்டவேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தார். சாமான்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போது உளுந்துக்காரப் பெண் பையோடு ஸ்டாண்டுக்கு வந்து என்னை விசாரித்து, மாடி ரூமுக்கே வந்துவிட்டார்.

"நான்தான்யா உக்காந்திருந்தேன். ரோட்டுல காயப்போட்டா கேசு போடுவாங்கன்னு சொன்னாங்க, பயந்துட்டேன். இந்தம்மா தன் தப்பத் தானே சொல்லிக்கிட்டுப் போச்சுன்னு பூக்காரவுக வீட்டுல பேசிக்கிட்டாக. எனக்குச் சோறு இறங்கல" என்று என்னிடம் சொன்னார். பையில் இரண்டு படி உளுந்து இருந்தது.

இவர் பையை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ரெண்டாவது ஆளும் வந்தாச்சு அண்ணாச்சி" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்கப்புறம் பார்க்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு செய்தி வரும், தபசுக்கு நான் ஒன்று அனுப்புவேன். ஐந்தாறு வருஷம் ஆகிவிட்டது.

போன மாதம் சிவகிரியில் ஒரு குடும்பம் புதுக்கார் வாங்கியிருந்தார்கள். தானாக ஓடாது, ஆனால் முன்னால் ஆள் வந்தால் தானே பிரேக் போடும் என்றார்கள். வீட்டுக்காரருக்கு இன்னும் கை பழகவில்லை என்று என்னை ஓட்டக் கூப்பிட்டார்கள். பனவடலிசத்திரத்தில் ஒரு விசேஷம். நல்ல வெயில். ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், மஞ்சள் விளக்கு எரிந்து திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. கேமராவால் பார்க்க முடியவில்லை, நீங்களே பார்த்து ஓட்டுங்கள்.

"என்ன அண்ணாச்சி, வாங்கி ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள கோளாறு சொல்லுது" என்று பக்கத்து சீட்டிலிருந்த வீட்டுக்காரர் கடுப்பாகிவிட்டார்.

"கோளாறு இல்ல அண்ணாச்சி. தெரியலைன்னு சொல்லுது" என்றேன். உள்ளே இருப்பது அவர் வரைந்த சிப்தான் என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஒரு சாட்சிகூட இல்லை. வேறு யாரோ செய்ததாகவும் இருக்கலாம். அதனால் சொல்லவில்லை.

முன்னால் ரோட்டில் உளுந்து பரப்பியிருந்தது. நடுவில் ஒரு குவியல். வண்டியை மெதுவாக்கி நிறுத்தினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு குவியலை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தேன். பார்த்து முடித்தபிறகும் கியரைப் போடவில்லை.

"அண்ணாச்சி, அங்கன உங்களுக்கு என்ன தெரியுது?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். எனக்கு என்ன தெரிந்தது என்று சொல்லவில்லை.